செட் ஹோம்கிரென் கொன்ஸாகாவுக்கு வருகிறான்: 195 பவுண்டு போதுமா?

மூலை த்ரீ | 19 ஏப்ரல் 2021

வந்துவிட்டது நண்பர்களே. மினியாபொலிஸ் மின்னஹாஹா அகாடமி பள்ளியின் கூடைப்பந்து வீரன் செட் ஹோம்கிரென் நம்ம கொன்ஸாகா பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டான். 2021 பேட்ச்சில் நாட்டின் முதல் ரேங்க் பையன் கொன்ஸாகா இருக்கும் ஸ்போகேனுக்கு வருகிறான் என்று இருபது வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

ஜேலன் சக்ஸும் இவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே அணி என்பது எல்லோருக்கும் தெரியும். கொன்ஸாகாவை விட்டு சக்ஸ் போகிற கையோடு நண்பனை அனுப்பிவைக்கிறான். பெய்லர் பல்கலைக்கழகத்திடம் 86-70 என்று தேசியக் கல்லூரி இறுதிப்போட்டியில் அடிவாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. 31 ஆட்டம் தோற்காமல் வந்து கடைசி ஆட்டத்தில் விழுந்த வலிக்கு இது நல்ல மருந்து.

கேள்வி ஒன்றுதான். உயரம் 7 அடி 1 அங்குலம். எடை 195 பவுண்டு என்கிறார்கள், அதாவது 88 கிலோ. என் மைத்துனன் ஐந்தரை அடி, அவனே 84 கிலோ. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பெயின்ட்டுக்குள், அதாவது கூடைக்குக் கீழே தடியர்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில், நிற்க முடியுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

டிம்மி மீசை | 19 ஏப்ரல் 2021

முருங்கைக்காய்க்கு ஜெர்சி மாட்டிய மாதிரி இருக்கிறான். ஆனால் நம்ம முருங்கைக்காய்.

சந்தேக சாமி | 19 ஏப்ரல் 2021

கொண்டாட்டத்தில் மண் போடுவதாக நினைக்க வேண்டாம். பெய்லர் ஆட்டத்தில் நாம் ஏன் தோற்றோம்? தங்கள் ஷாட் தவறித் திரும்பிய பந்தைத் தாங்களே பிடிப்பது ஆஃபென்சிவ் ரீபவுண்ட்: அவர்கள் 16 எடுத்தார்கள், நாம் எடுத்தது 5. முட்டித் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடுங்கினார்கள். அந்த நோய்க்கு 195 பவுண்டு மருந்தா?

2009 பிப்ரவரியில் கனெக்டிகட், பிட்ஸ்பர்க் கல்லூரி ஆட்டம் பார்த்தவர்கள் இங்கே உண்டா? கனெக்டிகட்டின் ஹஷீம் தபீட், 7 அடி 3 அங்குலம். எதிரே டிஹுவான் பிளேர், 6 அடி 7 அங்குலம். ரீபவுண்ட் தகராறில் பிளேர் தபீட்டை அப்படியே தோளுக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துப் போட்டான். பிளேருக்கு அன்று 22 புள்ளி, 23 ரீபவுண்ட். தபீட் அதே வருஷம், தொழில்முறை லீகான என்பிஏ அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகப் போய், பிறகு தேறவே இல்லை.

மூலை த்ரீ | 19 ஏப்ரல் 2021

தபீட்டுக்குக் கையில் பந்து நிற்காது சாமி. இவன் பந்தை ஓட்டி வரும் குட்டை ஆளான கார்டு மாதிரி டிரிபிள் செய்கிறான். 2019 ஆகஸ்டில் என்பிஏ நட்சத்திரம் ஸ்டெஃப் கரியின் முகாமில், கரியின் முதுகுப்பக்க டிரிபிளை கரிக்கே போட்டுக் காட்டி உள்ளே போய் பந்தைக் கூடைக்குள் அறைந்து டங்க் செய்த வீடியோ இருக்கிறதே.

சந்தேக சாமி | 19 ஏப்ரல் 2021

கோடைக்கால முகாமில் கரி உயிரைக் கொடுத்துத் தடுப்பாரா? எங்கள் வீட்டுப் பொடியன்கூட ஓட்டப்பந்தயத்தில் என்னை ஜெயிக்கிறான்.

மினியாபொலிஸ் குளிர் | 20 ஏப்ரல் 2021

இங்கே துக்கம் நடக்கிறது, நீங்கள் கொண்டாடுகிறீர்கள். அவனுடைய அப்பாவும் ஏழடி, மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்லூரி இருக்கும்போது பையன் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகிறான். ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் காபிக் கடையில் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். டிவியில் பார்த்தால் கை கால்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பாருங்கள். இடித்தவனைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது ஒல்லிப் பையன் பார்வை இல்லை. வம்புக்கு வா என்கிற பார்வை.

பழைய சென்டர் | 20 ஏப்ரல் 2021

எல்லோரும் எடை எடை என்கிறீர்கள். எடை எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நானும் ஒரு காலத்தில் ஒல்லி சென்டர்தான், கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டை ஆள். கல்லூரி அணியில் 6 அடி 4 அங்குலம், 66 கிலோ. ஹோம்கிரென் அளவுக்கெல்லாம் இல்லை, எங்கள் மட்டத்தில் அதுவே பனைமரம். முதல் வருஷம் எனக்குப் புரியாத ஒன்று: என்னைவிட அரை அடி குட்டையானவன் என்னிடமிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போவான். நான் குதிப்பதற்குள் என் தொடைக்குப் பின்னால் அவன் இடுப்பு வந்து உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான், குதிக்க முடியாது. மேலே எவ்வளவு கை நீளம் இருந்தாலும் தரையில் கால் நகர்ந்துவிட்டால் அந்தக் கை யாருக்கோ போய்விடுகிறது. எங்கள் கோச் ஒரு வாரம் முழுக்கப் பந்தே கொடுக்காமல், முட்டியை மடக்கிக்கொண்டு ஒருவரையொருவர் முதுகால் தள்ள வைத்தார். சண்டை எப்போதும் இடுப்புக்குக் கீழே நடக்கும், ரசிகர்கள் தோளுக்கு மேலே பார்ப்பார்கள் என்பார்.

எடை வேலை செய்கிற இடம் மூன்று. ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் தடுத்து பாக்ஸ் அவுட் செய்யும்போது. கூடைக்குப் பக்கத்தில், போஸ்ட்டில், முதுகைக் காட்டி உள்ளே தள்ளுகிறவனை நெஞ்சால் தாங்கும்போது. நம்ம ஆளைத் துரத்துகிறவன் வழியில் தூண் மாதிரி நின்று ஸ்க்ரீன் வைக்கும்போது. மூன்றுமே கால் தரையில் இருக்கும் வேலைகள். குதித்த பிறகு எடையால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை, கை நீளமும் நேரக் கணக்கும்தான்.

ஆகவே இவனை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் விஷயம். பந்து வைத்திருப்பவனுக்கு நேராக நிறுத்தாமல், அடுத்த பக்கத்திலிருந்து உதவிக்கு ஓடிவரும் ஆளாக நிறுத்தினால் ஷாட்டைத் தட்டிவிடும் பிளாக் மழை பொழிவான். அதுவும் கல்லூரி ஆட்டத்தில் டிஃபென்சிவ் மூன்று செகண்ட் விதி கிடையாது. என்பிஏவில் ஆளைக் காக்காமல் பெயின்ட்டுக்குள் சும்மா நின்றால் விசில். இங்கே ரிம்முக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாலும் கேட்க ஆளில்லை.

நம்ம அணியின் தடி ஆள் ட்ரூ டிம்மி அடுத்த சீசனுக்குத் திரும்பி வந்தால் கதை முடிந்தது. தடியனை டிம்மி தாங்கட்டும், மிச்சத்தை இவன் மேலேயிருந்து பார்த்துக்கொள்வான். தனியாகப் போஸ்ட்டில் நிறுத்தினால் சாமி சொல்வது நடக்கும்.

டிம்மி மீசை | 20 ஏப்ரல் 2021

டிம்மி வந்தால் நான் மீசை வைக்கிறேன். இரண்டு பக்கமும் கீழே வழியும் அவனுடைய அதே மீசை.

புள்ளிக்கணக்கு | 20 ஏப்ரல் 2021

ஒல்லி என்று ஒதுக்கியவர்களின் பழைய பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போம்.

கெவின் டூரன்ட், டெக்சாஸ், 2006-07. சராசரி 25.8 புள்ளி, 11.1 ரீபவுண்ட். டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 185 பவுண்டு பாரை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன. அந்த வருஷம் முதலாவதாகப் போனவர் கிரெக் ஓடன், ஏழடி, 250 பவுண்டு, ஆண்பிள்ளை உடம்பு. முட்டி முட்டியாக அறுவை சிகிச்சை செய்தே அவர் காலம் முடிந்தது. ஒல்லியன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

யானிஸ் 2013-இல் என்பிஏ வந்தபோது 196 பவுண்டு. இப்போது 240-ஐத் தாண்டிவிட்டார்.

மனூட் போல், 7 அடி 7 அங்குலம், பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் ஆடிவிட்டுப் போய் 1985-86-இல் முதல் சீசனிலேயே 397 பிளாக். அந்த ரூக்கி (புதுமுக) சாதனை இன்றும் நிற்கிறது.

சந்தேக சாமி | 20 ஏப்ரல் 2021

புள்ளி எழுதியது: "ஒல்லியன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்."

டூரன்ட் போஸ்ட்டில் நின்றாரா? ஆடுகளத்தின் ஓரத்தில், விங்கில், நின்று தலைக்கு மேலே ஷாட் போட்டார். அவர் வேறு வேலை. யானிஸுக்குத் தோள் எலும்பு அகலம், சதை போட இடம் இருந்தது. இவனுக்குத் தோளும் குறுகல், இடுப்பும் குறுகல். சட்டை ஹேங்கர்கூட இதைவிட அகலம். மனூட் போலைச் சொன்னவர் ஷான் பிராட்லியை ஏன் விட்டீர்கள்? பிரிகம் யங்கில் ஒரே சீசன், ஆட்டத்துக்கு 5.2 பிளாக். மதப் பணிக்கு இரண்டு வருஷம் ஆஸ்திரேலியா போய்விட்டு வந்தவரை 1993-இல் இரண்டாவதாக எடுத்தார்கள். யார் யார் அவர் தலைக்கு மேலே டங்க் செய்தார்கள் என்பதற்குத்தான் இன்று வீடியோ இருக்கிறது.

புள்ளிக்கணக்கு | 20 ஏப்ரல் 2021

பிராட்லி என்பிஏவில் 2000-க்கு மேல் பிளாக் செய்தவர். நூறு தடவை தடுக்கப் போனால் பத்து தடவை அவமானம் நடக்கும். தடுக்கப் போகாமல் ஒதுங்கி நிற்பவனை எந்த போஸ்டரிலும் பார்க்க முடியாது, சாமி.

பிசியோ அக்கா | 21 ஏப்ரல் 2021

தம்பிகளா, எடையை விட்டு பாதத்துக்கு வாருங்கள்.

இத்தனை நீளக் காலில் பயம் எடைக்குறைவு இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஆரிகன் பல்கலைக்கழகத்தில் போல் போல் என்ன ஆனான்? மனூட்டின் மகன், 7 அடி 2 அங்குலம், சராசரி 21 புள்ளி. ஒன்பது ஆட்டத்தோடு பாத எலும்பு முறிந்து சீசன் முடிந்தது. உடனே "பார்த்தாயா, ஒல்லி" என்பீர்கள். யாவ் மிங் 300 பவுண்டுக்கு மேல், அவருக்கும் பாதம்தான் போனது. ஏழடி என்றாலே பாதத்துக்குச் சோதனை. ஒல்லியோ தடியோ, அப்புறம்.

அதனால்தான் "ஆறு மாசத்தில் 30 பவுண்டு ஏற்றுங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பத்தொன்பது வயது முடியாத பையன். அந்த எலும்பும் தசைநாரும் 195-க்குப் பழகியிருக்கின்றன. மேலே மூட்டை ஏற்றினால் கீழே சக்கரம் என்ன ஆகும்? வருஷத்துக்கு ஐந்தாறு பவுண்டு, அதுவும் இடுப்பும் தொடையும் முதலில். கையும் நெஞ்சும் போட்டோவுக்கு மட்டும்தான்.

மூலை த்ரீ | 21 ஏப்ரல் 2021

அக்கா, கெல்லி ஒலினிக்கை நம்ம ஆட்கள் 2011-12 முழுக்க ஆடவிடாமல் உட்காரவைத்து உடம்பைத் தேற்றி அனுப்பினார்களே. திரும்பி வந்து 17.8 புள்ளி சராசரி, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் பட்டியலில் (ஆல்-அமெரிக்கன்) இடம். இவனையும் அப்படி...

பிசியோ அக்கா | 21 ஏப்ரல் 2021

நல்ல யோசனைதான். ஆனால் நம்பர் ஒன் ரேங்க் பையன் ஒரு வருஷம் பெஞ்சில் உட்காருவானா? ஒரே வருஷம் ஆடிவிட்டுப் பறந்துவிடுவான். தேற்றும் வேலை எவனோ ஒரு என்பிஏ அணிக்கு.

பழைய சென்டர் | 21 ஏப்ரல் 2021

எனக்கு இன்னொரு கவலை, ஃபவுல். கல்லூரியில் ஐந்து ஆனால் வெளியே. ஒல்லியனுக்கு இருக்கும் சங்கடம் என்னவென்றால், தடியன் இடித்தால் இவன்தான் நகர்வான். நகரும்போது கை இறங்கும். கை இறங்கினால் விசில். 2017 இறுதிப்போட்டியில் நார்த் கரோலினாவோடு சாக் காலின்ஸ் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான், ஐந்து ஃபவுலில் வெளியே போனான், நாம் 71-65 என்று தோற்றோம். அந்த இரவை நான் மறக்கவில்லை. இவனிடம் நான் பார்த்தவரை குதிக்கும்போது கையை நேராக மேலே வைத்திருக்கிறான். அது சொல்லிக்கொடுத்து வருவது கஷ்டம், இவனுக்கு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் மார்ச் மாதத் தேசியப் போட்டி நடுவர்கள், சீசன் தொடங்கும் நவம்பர் நடுவர்கள் இல்லை.

சந்தேக சாமி | 21 ஏப்ரல் 2021

பந்தயம் வைக்கிறேன். எந்த அணியிலாவது இவன் சென்டராக நின்று பெரிய கோப்பை ஒன்றை ஜெயித்தால், நானும் டிம்மி மீசை வைத்து போட்டோ போடுகிறேன்.

டிம்மி மீசை | 21 ஏப்ரல் 2021

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது.

புள்ளிக்கணக்கு | 12 ஜூலை 2021

யாராவது ரீகா ஆட்டம் பார்த்தீர்களா? 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி, அமெரிக்கா 83, பிரான்ஸ் 81. தொடரின் சிறந்த வீரர் நம்ம ஹோம்கிரென். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது எதிரணியில் இருந்தவனைப் பார்த்துத்தான். விக்டர் வெம்பன்யாமா என்று ஒரு பதினேழு வயதுப் பையன், 22 புள்ளி, 8 பிளாக். இவனை ஒல்லி என்றவர்கள் அவனைப் பார்த்தால் வேறு வார்த்தை தேட வேண்டும்.

டிம்மி மீசை | 12 ஜூலை 2021

ஒரு முருங்கைக்காய்க்கே இத்தனை பக்கம் எழுதினோம். இப்போது முருங்கை மரமே வந்திருக்கிறது.

மூலை த்ரீ | 10 நவம்பர் 2021

முதல் ஆட்டம், டிக்சி ஸ்டேட். 14 புள்ளி, 13 ரீபவுண்ட், 7 பிளாக், 6 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்). டிம்மியும் பக்கத்தில். சென்டர் சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை.

சந்தேக சாமி | 10 நவம்பர் 2021

டிக்சி ஸ்டேட் சார். டிக்சி ஸ்டேட்.

சந்தேக சாமி | 14 நவம்பர் 2021

டெக்சாஸ் வந்ததும் என்ன ஆச்சு? டிம்மி 37, நம்ம நம்பர் ஒன் 2 புள்ளி. சும்மா நினைவூட்டினேன்.

மூலை த்ரீ | 24 நவம்பர் 2021

நேற்று யுசிஎல்ஏ ஆட்டம், லாஸ் வேகாஸ். 83-63. அந்த ஒரு காட்சியைப் பத்து தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கம் பிளாக். பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே ஓட்டிக்கொண்டு போகிறான். எதிரே ஆள் வந்ததும் முதுகுக்குப் பின்னால் பந்தை மாற்றி, இரண்டே எட்டில் டங்க். முருங்கைக்காய் செய்கிற வேலையா இது?

பழைய சென்டர் | 24 நவம்பர் 2021

நான் பார்த்தது வேறு. இரண்டாம் பாதியில் கவனித்துப் பாருங்கள், ரீபவுண்டுக்குப் போகும்போது அவன் யாரையும் தள்ளுவதில்லை. ஷாட் போனதும் அரை எட்டு முன்னால் போய் ஆளைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான். தொட்டவன் "இதோ இடிக்க வருகிறான்" என்று காலை ஊன்றுகிறான், இவன் அதற்குள் வேறு இடத்தில் இருக்கிறான். ஒல்லியனுக்கு இதுதான் வழி. எனக்கு அந்த வயதில் இதை யாராவது சொல்லியிருந்தால் என் முட்டி இன்று இப்படி இருந்திருக்காது.

மினியாபொலிஸ் குளிர் | 18 மார்ச் 2022

ஜார்ஜியா ஸ்டேட்டோடு 19 புள்ளி, 17 ரீபவுண்ட், 7 பிளாக், 5 அசிஸ்ட். அதுவும் மார்ச் மாதத் தேசியப் போட்டியில். சாமியைக் காணோமே?

சந்தேக சாமி | 25 மார்ச் 2022

இதோ வந்துவிட்டேன். சந்தோஷமாக வரவில்லை, நானும் நம்ம அணிதான்.

ஆர்கன்சா 74, கொன்ஸாகா 68. நாம் நாட்டின் முதல் தரவரிசை அணி. ஹோம்கிரென் 11 புள்ளி, 14 ரீபவுண்ட், ஆனால் ஐந்து ஃபவுலில் வெளியே. மிச்ச நிமிஷங்களை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். 28-4 என்று சீசன் முடிந்தது.

மூலை த்ரீ | 25 மார்ச் 2022

அதில் இரண்டு ஃபவுல் அநியாயம். அநியாயம் என்று தட்டச்சு செய்யும்போது விரல் நடுங்குகிறது.

பழைய சென்டர் | 25 மார்ச் 2022

அநியாயம்தான், சரி. ஆனால் அந்தப் பக்கம் ஜேலின் வில்லியம்ஸ் என்று ஒருவன் இருந்தான் பாருங்கள். எதிராளி வரும் பாதையில் முன்கூட்டியே போய் நின்று, இடி வாங்கிக்கொண்டு விழுந்து, எதிராளி மேலேயே ஃபவுல் விழவைக்கும் சார்ஜ் வாங்குவதில் பெயர் பெற்றவன். நம்ம பையன் குதித்துத் தடுப்பவன், அவன் நின்று தடுப்பவன். நேற்று நின்றவன் ஜெயித்தான்.

சீசன் கணக்கை மொத்தமாகப் பாருங்கள்: 14.1 புள்ளி, 9.9 ரீபவுண்ட், 3.7 பிளாக், தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டான த்ரீயில் 39 சதவீதம். இந்த 39-ஐ நாம் யாரும் போன வருஷம் பேசவே இல்லை, கவனித்தீர்களா? எடைக்குச் சண்டை போட்டதில் ஷாட்டை மறந்துவிட்டோம். ஏழடிக்காரன் மூலையில் நின்று த்ரீ போட்டால், எதிர்ச் சென்டர் பெயின்ட்டை விட்டு வெளியே வந்தே ஆகவேண்டும். தடியனின் எடை வெளியே வந்ததும் அவனுக்கே பாரம்.

மூலை த்ரீ | 24 ஜூன் 2022

என்பிஏ டிராஃப்டில் ஓக்லஹோமா சிட்டி, இரண்டாவது இடம். போய்வா தம்பி. கூத்து என்னவென்றால் இரண்டாம் சுற்றில் அதே அணி எடுத்திருப்பது யாரை? ஆர்கன்சாவின் ஜேலின் வில்லியம்ஸை.

டிம்மி மீசை | 24 ஜூன் 2022

சார்ஜ் வாங்கியவனோடேயே வீட்டை வாடகைக்குப் பிடிக்க வேண்டியதுதான்.

மினியாபொலிஸ் குளிர் | 25 ஆகஸ்ட் 2022

படித்தீர்களா? சியாட்டிலில் நடந்த கோடைக்கால ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் வேகமாக வந்தபோது தடுக்கப் போய் வலது பாதத்தில் லிஸ்ஃப்ராங்க் காயம். முழு சீசனும் போச்சு. ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை.

சந்தேக சாமி | 25 ஆகஸ்ட் 2022

நான் எதுவும் சொல்லவில்லை.

(சரி, சொல்கிறேன். ஒல்லி உடம்பு, 250 பவுண்டு லெப்ரான்.)

பிசியோ அக்கா | 25 ஆகஸ்ட் 2022

சாமி, பொறுங்கள். லிஸ்ஃப்ராங்க் என்பது நடுப்பாதத்தில், விரல்களுக்குப் போகும் நீள எலும்புகள் பின்பக்கத்துக் கட்டை எலும்புகளோடு சேரும் மூட்டு. முன்பாதம் தரையில் மாட்டியிருக்கும்போது உடம்பு திரும்பினால் அங்கே தசைநார் கிழியும். 300 பவுண்டு ஃபுட்பால் வீரர்களுக்கும் வருகிற காயம் இது. லெப்ரான் அவனை இடித்து நசுக்கவில்லை, இவன் கால் ஊன்றிய விதம். அன்று தரையில் ஈரம் கோத்து ஆட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நான் பாதம் என்று சொன்னது பலித்துவிட்டது என்று யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டாம். ஜோசியம் சொல்லவில்லை. ஏழடிக்காரன் யாரைப் பற்றிக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

ஒரு வருஷ ஓய்வு கிடைத்திருக்கிறது. மூலை த்ரீ தம்பி, நீங்கள் கேட்ட ஒலினிக் வருஷம் இதுதான். வேறு வழியில் வந்திருக்கிறது.

புள்ளிக்கணக்கு | 16 ஏப்ரல் 2024

ஹோம்கிரெனின் முதல் என்பிஏ சீசன், 82 ஆட்டம். 82-உம் ஆடினான். 16.5 புள்ளி, 7.9 ரீபவுண்ட், 2.3 பிளாக். சிறந்த புதுமுகம் விருது வெம்பன்யாமாவுக்குத்தான் போகும், அதில் சண்டை இல்லை. ஆனால் இழையின் தலைப்பை யாராவது மாற்றுங்கள்.

பழைய சென்டர் | 16 ஏப்ரல் 2024

மாற்ற வேண்டாம். ரீபவுண்டில் ஓக்லஹோமா எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். இவனைத் தனியாகச் சென்டராக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு டிம்மி இல்லை.

மூலை த்ரீ | 2 ஜூலை 2024

சென்டர் சார், ஓக்லஹோமாக்காரர்கள் நம்ம இழையைப் படிக்கிறார்களோ? ஐசையா ஹார்டன்ஸ்டைனை எடுத்திருக்கிறார்கள். ஏழடி, 250 பவுண்டு, ஸ்க்ரீன் வைப்பதே பிழைப்பு.

டிம்மி மீசை | 23 ஜூன் 2025

சாமியே சரணம். எங்கே இருக்கிறீர்கள்?

ஓக்லஹோமா 103, இந்தியானா 91. என்பிஏ இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம். ஹோம்கிரென் 18 புள்ளி, 8 ரீபவுண்ட், 5 பிளாக். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இதுவரை யாரும் ஐந்து பிளாக் செய்ததில்லையாம். நவம்பரில் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாசம் படுத்திருந்தவன் இவன். ஆர்கன்சா ஜேலின் வில்லியம்ஸும் அதே அணியில் மோதிரம் வாங்குகிறான்.

ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 21 ஏப்ரல் 2021.

சந்தேக சாமி | 23 ஜூன் 2025

வாழ்த்துகள், மனசார. ஆனால் பந்தயத்தின் வாசகத்தைப் படியுங்கள்: "சென்டராக நின்று." இந்த வருஷம் ஹார்டன்ஸ்டைன் பக்கத்தில் இருந்தார். அதைவிட முக்கியம், முன் சுற்று ஒன்றில் டென்வரோடு ஏழாவது ஆட்டத்தில் அவர்கள் சென்டர் நிகோலா யோகிச்சை யார் தாங்கினது? ஹோம்கிரெனா? அலெக்ஸ் கருசோ! 6 அடி 5 அங்குல கார்டு! 216 சென்டிமீட்டர் ஆளை வைத்துக்கொண்டு யோகிச்சிடம் கார்டை அனுப்புகிறார்கள் என்றால் நான் 2021-இல் சொன்னது தப்பா?

பழைய சென்டர் | 23 ஜூன் 2025

சாமி, நான் சொன்னதைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள்.

கருசோ ஏன் தாங்கினான்? அவன் இடுப்பு யோகிச்சின் இடுப்புக்குக் கீழே இருந்தது. முட்டியை மடக்கி, தொடையில் தொடையை ஒட்டி, யோகிச் உட்கார நினைத்த இடத்தில் முதலில் போய் உட்கார்ந்துகொண்டான். யோகிச்சால் அவனை எளிதாக நகர்த்த முடியவில்லை. தலைக்கு மேலே போட்டுவிடலாமே என்று நிமிர்ந்தால், பின்னால் யார் நின்றது? கை இரண்டையும் விரித்துக்கொண்டு அந்த ஒல்லிப்பிச்சான். கீழே ஒருவன், மேலே ஒருவன். அந்த ஆட்டம் 125-93 என்று முடிந்தது.

ஒன்று மட்டும் நான் தப்பாகச் சொன்னேன். தாங்குகிறவன் தடியனாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கார்டு போதும் என்று தோன்றவே இல்லை.

சந்தேக சாமி | 23 ஜூன் 2025

அப்படியானால் பந்தயம் சமன்.

பிசியோ அக்கா | 23 ஜூன் 2025

சமன் எல்லாம் இல்லை. இந்தியானாவோடு சில நேரம் ஹார்டன்ஸ்டைனை உட்காரவைத்துவிட்டு இவன் ஒருவனே சென்டராக நின்றான். நானும் பார்த்தேன். மீசையை வையுங்கள்.

சந்தேக சாமி | 23 ஜூன் 2025

அக்கா, அடுத்த மாசம் மைத்துனி கல்யாணம். வீட்டம்மா அந்த மீசையோடு மண்டப வாசலையே மிதிக்கக் கூடாது என்கிறார். ஆகஸ்டில் பார்க்கலாம்.

டிம்மி மீசை | 23 ஜூன் 2025

ஆகஸ்ட் 1. குறித்துக்கொண்டேன்.